கோயிலும் குடியிருப்பும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் புலமை மிக்க பெரியவர்கள் பேசுவதும், நாம் கடைசி வரிசையில் அமர்ந்து கேட்பதுமே வழக்கம். நாமோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சரக்கு அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரசீதும் பதிவேடும் எழுதிக்கொண்டிருப்பவர். இலக்கியம் பேசும் தகுதி நமக்கில்லை. ஆயினும், செயலாளர் அவர்கள், "இவ்வாண்டு நீங்கள் ஏதேனும் பேசியே ஆகவேண்டும்" என்று அன்புக் கட்டளை இட்டுவிட்டார்கள். ஆகவே நாம் படித்தறிந்த ஒரு கட்டிடத்தின் கதையை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். அக்கட்டிடம் கடல் கடந்த இலண்டன் மாநகரில் இருக்கிறது. அதை நாம் கண்ணால் கண்டதில்லை. இனிக் காணப்போவதும் இல்லை. எனினும், அதன் கதை நம் காலனியின் நடுவே நிற்கும் இந்த மன்றத்தின் கதையோடு ஒட்டுவது எவ்வாறு என்பதை முடிவில் நீங்களே உணர்வீர்கள்.

முதலில் நம் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறோம். இம்மன்றத்தின் பின்பாதியைத் தடுத்து, இரண்டு குடும்பங்கள் குடியிருக்கும்படி செய்து, வாடகைக்கு விடலாம் என்று ஒரு விண்ணப்பம் செயற்குழுவின்முன் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கூரை ஒழுகுகிறது. மின்கட்டணம் செலுத்தவே கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இக்காலனியில் இன்று நாற்பதும் தேறா. இவற்றோடு, பணியிலிருக்கும்போதே மறைந்த நம் தோழர் ஒருவரின் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டிய காலக்கெடுவும் நெருங்கி வருகிறது. அந்த அம்மையாரும் இரு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? விண்ணப்பத்தில் கையொப்பமிட்டோருள் நாமும் ஒருவர். கையொப்பமிட்ட பின்பு, ஞாயிறுதோறும் நம் குழந்தைகள் தமிழ் எழுத்துப் பழகும் அந்த அறையையும், நூலக அலமாரிகளையும் பார்க்கும்போதெல்லாம் நம் மனம் இருபுறமும் இழுபட்டது. அவ்வேளையில்தான் இந்தக் கதையைப் படித்தோம்.

இலண்டனில் ஸ்மித்பீல்டு என்றொரு பகுதி. பழங்காலத்தில் மாட்டுச் சந்தை கூடிய வெளி. அதன் ஓரத்தில் 1123-ஆம் ஆண்டில் ரஹேர் என்பவர் துறவியர் மடம் ஒன்றையும், ஏழைகளுக்கான மருத்துவமனை ஒன்றையும் நிறுவினார். அவர் முதலாம் ஹென்றி மன்னரின் அவையைச் சார்ந்தவர் என்பர். உரோமாபுரிக்கு யாத்திரை சென்ற இடத்தில் நோயுற்று, 'பிழைத்தெழுந்தால் ஏழைகளுக்கு மருத்துவமனை எழுப்புவேன்' என்று நேர்ந்துகொண்டார் என்பதும், திரும்பும் வழியில் புனித பர்த்தலமேயு கனவில் தோன்றி, ஸ்மித்பீல்டில் தம் பெயரால் கோயில் எழுப்புமாறு பணித்தார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. நேர்த்திக்கடன் என்பது நமக்குப் புதிதன்று. நம் ஊர்ப்புறங்களில் எத்தனையோ மண்டபங்களும் குளங்களும் இவ்வாறு எழுந்தவைதாம். எனவே ரஹேரின் மனம் நமக்கு எளிதில் விளங்குகிறது.

மடத்துக் கோயில் பெரிதாக வளர்ந்தது. பருத்த உருளைத் தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட அக்கோயிலின் கீழ்ப்புறத்தில், பதினான்காம் நூற்றாண்டில் மரியன்னைக்கென்று தனியே ஒரு சிற்றாலயமும் கட்டப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் புனிதரின் திருநாளையொட்டித் துணிச் சந்தை ஒன்று கூடியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய அச்சந்தை 1855 வரையில் நடைபெற்றது என்றால் அதன் புகழைச் சொல்லவும் வேண்டுமோ? வணிகர் கொடுத்த வரி மடத்தைக் காத்தது.

நானூறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. பின்னர் எட்டாம் ஹென்றி மன்னர் உரோமாபுரியின் தலைமையை உதறி, 1534-இல் தம்மையே நாட்டின் திருச்சபைக்குத் தலைவராக்கிக் கொண்டார். 1536 முதல் 1540 வரையுள்ள சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தின் மடங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஏறத்தாழ எண்ணூறு மடங்கள்! கூரையிலிருந்த ஈயம் உருக்கப்பட்டது, மணிகள் விற்கப்பட்டன, கல் வண்டி வண்டியாகச் சென்றது. துறவியருக்கு ஓய்வூதியம் அளித்து வெளியே அனுப்பினார்கள். புனித பர்த்தலமேயு மடம் 1539 அக்டோபரில் அரசரிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் நின்று வழிபட்ட நீண்ட முன்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது.

மடங்களின் நிலங்களையும் வருவாயையும் கணக்கெடுத்து விற்பதற்கென்றே அரசர் ஒரு மன்றத்தை அமைத்திருந்தார். அதன் தலைவராக இருந்தவர் சர் ரிச்சர்டு ரிச் என்பவர். 1544-இல் இம்மடத்தின் கட்டிடங்களை 1,064 பவுனும் சில்லறையும் கொடுத்து விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அதே ரிச்சர்டு ரிச்தான்! விற்கும் அலுவலகத்தில் வீற்றிருந்தவரே வாங்கும் வரிசையிலும் நின்றார். பதிவேடு எழுதிப் பழகிய நமக்கு இது பெரிய வியப்பைத் தரவில்லை. ஆயினும் வருத்தத்தைத் தருகிறது.

ஆனால், அந்த விற்பனைப் பத்திரத்தில் ஒரு விலக்கு இருந்தது. துறவியர் அமர்ந்து பாடிய நடுப்பகுதி, அப்பகுதி மக்களின் பங்குக் கோயிலாக விடப்பட்டது. இடிக்கப்பட்ட முன்பகுதியின் வெற்று நிலமும் அவர்களின் கல்லறைத் தோட்டமாக ஒதுக்கப்பட்டது. இந்த விலக்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்ததன் உயிர் அதில்தான் இருக்கிறது.

எஞ்சியவை என்னவாயின? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம். மடத்துத் தலைவரின் இல்லம் ரிச் பிரபுவின் மாளிகையாயிற்று. அன்னையின் சிற்றாலயம் தடுப்புகள் வைக்கப்பட்டு வீடுகளாயிற்று. துணிச் சந்தை கூடிய நிலத்தில், ரிச்சின் வழிவந்தோர் காலத்தில் தெருக்கள் எழுந்தன. கோயிற் சுவரையே துணையாகக் கொண்டு வீடுகள் நெருங்கி நின்றன. வடபுறக் கையில் பிற்காலத்தில் ஒரு கொல்லன் உலை வைத்தான். அதன் கரி படிந்த கல் இன்றும் உண்டு என்பர். துறவியர் ஓதிக்கொண்டே உலவிய தாழ்வாரத்தில் குதிரைகள் கட்டப்பட்டன. மேல்மாடத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. ஒரே கட்டிடத்தின் ஒரு மூலையில் வழிபாடு. சுவருக்கு அப்பால் சம்மட்டி ஓசை. தலைக்குமேல் பிள்ளைகளின் பாடம்!

இவை எல்லாவற்றிலும் நம் மனத்தைக் கவர்ந்தது வாயிற்கதை. கோயிலின் முன்பகுதி இடிந்தபோது, அதன் மேற்குப்புறத்துக் கல்வாயில் ஒன்று மட்டும் தப்பி நின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வேலைப்பாடு அது. 1595-இல் அவ்வாயிலின் தலைமீதே ஒருவர் மரச்சட்டங்களால் வீடு கட்டிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் அதன் முகப்பை மூடிப் பூசி மறைத்துவிட்டார்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. அந்த வீட்டின் பழமை எவருக்கும் தெரியவில்லை. முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய வான்கப்பல் ஒன்று எறிந்த குண்டு அருகில் வீழ்ந்து, அந்த அதிர்ச்சியில் முகப்பின் ஓடுகள் உதிர, உள்ளே ஒளிந்திருந்த பழைய மரவீடு வெளிப்பட்டது. இன்று அவ்வாயிலில் நுழைவோர் கோயிலுக்குள் போவதில்லை. மரங்கள் நிற்கும் கல்லறைத் தோட்டத்திற்குள் போகிறார்கள். அத்தோட்டத்தைக் கடந்த பிறகே கோயில் வருகிறது. இடையே காற்று உலவும் அவ்வளவு இடமும் ஒரு காலத்தில் கோயிலாக இருந்தது என்பதை அந்த ஒற்றை வாயிலே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்பர்களே, கோயில் வீடானதைக் கேட்டவுடன், 'ஐயோ, எத்தகைய பழி!' என்று சிலர் நினைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். சற்று ஆழ்ந்து எண்ணியபோது வேறொன்று தோன்றியது. அக்கோயிலை உடைத்தவர்கள் வேறு. அதில் குடியிருந்தவர்கள் வேறு. நகரம் பெருகிக்கொண்டிருந்தது. கூரை கிடைத்த இடத்தில் மக்கள் ஒதுங்கினார்கள். அங்கே தொட்டில் ஆடியிருக்கும், உலை கொதித்திருக்கும், நோயாளிக்கு இரவெல்லாம் விழித்திருந்து மருந்து கொடுத்திருப்பார்கள். அடுப்பு எரிந்ததனால் ஓரிடத்தின் தூய்மை கெட்டது என்று எந்தத் தாய் ஒப்புவாள்? நம் தமிழ்ச் சொல்லையே பாருங்கள். கோயில் என்பது கோ வாழும் இல். இல்லம் என்பதிலும் அதே இல். இரண்டு சொற்களும் ஒரே வேரில் கிளைத்தவை. இறைவனுக்கு இடம் வகுத்தபோது நம் முன்னோர் வீட்டின் பெயரையே அதற்கும் சூட்டினார்கள்.

அந்தச் சிற்றாலயத்து வீடுகள் பிற்காலத்தில் தொழிற்கூடங்களாயின. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே சாமுவேல் பாமர் என்பவரின் அச்சகம் நடந்தது என்று கோயிலின் வரலாறு கூறும். 1725-இல் அவ்வச்சகத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். கையில் காசில்லாமல் அயலூரில் பிழைக்க வந்த அந்த இளைஞரே பிற்காலத்தில் உலகம் போற்றிய பெஞ்சமின் பிராங்க்ளின். அங்கே அவர் எழுத்துக் கோத்த நூல்களுள் ஒன்று இயற்கைச் சமயத்தைப் பற்றியது. வழிபாடு நின்றுபோன இடத்தில் சமய நூல் அச்சேறியது! அச்சகத்திற்குப் பின்னர், துணிகளுக்குக் குஞ்சமும் கரையும் செய்யும் தொழிற்சாலை அங்கே வந்தது. அதன் மேல்தளம் இரும்புத் தூண்களின்மேல் நீண்டு, கோயிலின் பலிபீடத்திற்கு மேலேயே வந்து நின்றது.

இத்தனைக்கும் நடுவே, மக்களுக்கென்று விடப்பட்ட அந்த நடுப்பகுதி என்னவாயிற்று? அங்கே வழிபாடு தொடர்ந்தது. இடையில் மேரி அரசியார் காலத்தில் சில ஆண்டுகள் வேறு துறவியர் வந்து தங்கிச் சென்றனர், அவ்வளவே. 1628-இல் செங்கல்லால் ஒரு கோபுரம் எழுப்பி, அதில் ஐந்து மணிகளைத் தொங்கவிட்டார்கள். மடம் மூடப்படுவதற்கு முன்னே, 1510-ஐ ஒட்டி வார்க்கப்பட்ட அம்மணிகள் இன்றும் ஒலிக்கின்றன. 1697-இல் அக்கம்பக்கத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு அங்கே திருமுழுக்களித்தார்கள். அக்குழந்தையே புகழ்பெற்ற ஓவியர் ஹோகார்த். கட்டிடம் சிதைந்தும் குறைந்தும் இருந்ததே அன்றி, கதவு மட்டும் திறந்தே இருந்தது.

திறந்திருந்ததனால்தான் மீட்பும் இயன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்கோயிலைச் சேர்ந்தோர் நன்கொடை திரட்டத் தொடங்கினார்கள். ஆஸ்டன் வெப் என்னும் கட்டிடக் கலைஞர் பொறுப்பேற்றார். இலண்டனில் பக்கிங்காம் அரண்மனையின் இன்றைய முகப்பை அமைத்தவர் அவரே. 1880-களில் குஞ்சத் தொழிற்சாலையை விலைக்கு வாங்கி அகற்றினார்கள். கொல்லன் உலையிருந்த வடபுறக் கை 1893-இல் திரும்பவும் கோயிலோடு சேர்ந்தது. அன்னையின் சிற்றாலயம் 1897-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. குதிரைகள் நின்ற தாழ்வாரத்தை மீட்டு முடிக்க 1928 ஆயிற்று. ஒரு கையொப்பத்தில் போன பொருளை, துண்டு துண்டாக விலைகொடுத்து மீட்பதற்கு ஏறத்தாழ 350 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. இடிக்கப்பட்ட முன்பகுதி மீளவே இல்லை.

ரஹேர் நிறுவிய மருத்துவமனையைப் பற்றியும் ஒரு சொல். அதற்கும் வருவாய் போயிற்று. ஆயினும் நகர மக்கள் மன்னரிடம் முறையிட்டார்கள். 1546-இல் அது நகரத்தாரின் பொறுப்பில் மீண்டும் நிலைபெற்றது. தொடங்கிய அதே இடத்தில் இன்றும் நோயாளிகளைக் காக்கிறது. 2023-இல் கோயிலும் மருத்துவமனையும் ஒருங்கே 900 ஆண்டு நிறைவைக் கொண்டாடின.

இது ஏதோ பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம் காலத்திலும் மேலை நாடுகளில் வழிபடுவோர் குறைந்து தேவாலயங்கள் மூடப்படுகின்றன. நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் நகரில் 1870-இல் எழுந்த புனித யாக்கோபு ஆலயத்தில் 1991-இல் வழிபாடு நின்றது. சில காலம் பழம்பொருட் கூடமாக இருந்து, பின்னர் அது ஒரு குடும்பத்தின் இல்லமாயிற்று. இங்கிலாந்திலோ, இதற்கென்றே 1968-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்பின் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆலயங்கள் மூடப்பட்டு, அவற்றுள் பல வீடுகளாகியிருக்கின்றன. ஆனால், எட்டாம் ஹென்றியின் காலம்போல அன்று. ஆலயம் மூடப்படுமுன் ஊரறிய அறிவிப்பு வேண்டும். மறுப்போர் சொல்வதைக் கேட்க வேண்டும். கல்லறைகள் உள்ள இடமாயின் உறவினர் வந்துபோக வழிவிட வேண்டும். வீடாக்குவதும் எளிதன்று. உயர்ந்த கூரையின்கீழ் குளிர் காலத்தில் வெப்பம் தங்காது. இடையில் தளம் போட்டாலோ, நெடிய சன்னலின் கீழ்ப்பாதி ஒருவர் கூடத்திலும் மேற்பாதி இன்னொருவர் படுக்கையறையிலுமாகப் பிரிந்துபோகும்.

இனி நம் வீட்டிற்கு வருவோம். நாம் குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் சமையலறைச் சுவரில் ஒரு சிறிய மாடம் இருக்கிறது. நாம் முதன்முதலில் குடிபுகுந்தபோது அதில் மெழுகு உருகி உறைந்த தடம் இருந்தது. மேற்சுவரில் சிலுவை வடிவில் வெளிறிய அடையாளமும் இருந்தது. நமக்குமுன் வாழ்ந்த குடும்பம் தொழுத இடம் அது. நம் இல்லத்தரசியார் அந்த மாடத்தைத் துடைத்து அதிலேயே விளக்கேற்றினார்கள். வெள்ளையடிக்க வந்தவரிடம், "அந்த அடையாளத்தின்மேல் மட்டும் பூச வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்று நாம் கேட்டதற்கு, "நாமும் ஒருநாள் போக வேண்டியவர்கள்தாமே?" என்றார்கள். ஓய்வு பெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும் நம்மைப் போன்றோர்க்கு இதைவிட வேறு வேதாந்தம் வேண்டுமோ?

ஆகவே, நாம் இட்ட கையொப்பத்தைத் திரும்பப் பெறப்போவதில்லை. தலைக்குமேல் கூரையின்றி நம்மவர் குடும்பம் ஒன்று தவிக்கும்போது, பூட்டிய மன்றத்தை வைத்துக்கொண்டு நாம் தமிழ்ப் பண்பாடு பேசுவது அழகாகாது. ஆனால், அந்த விண்ணப்பத்தில் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும் என்று பொதுக்குழுவை வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, மன்றத்தின் முன்பாதி எக்காலத்தும் பொதுவாகவே இருக்க வேண்டும். அதன் கதவு ஞாயிறுதோறும் திறக்கப்பட வேண்டும். தமிழ் வகுப்பும் நூலகமும் அங்கே இடம் மாறட்டும். ஸ்மித்பீல்டில் கோயிலைக் காத்தது, மக்களுக்கென்று பத்திரத்தில் விடப்பட்ட அந்த ஒரு பகுதியே என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, வாடகை எவ்வளவாயினும் ஆகுக. விற்பனை என்ற சொல் நுழையக்கூடாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பொதுக்குழு கூடி ஆராய்ந்த பிறகே குடியிருப்பை நீட்டிக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களோ அவர்கள் உறவினர்களோ அதில் குடியேறக்கூடாது.

மூன்றாவது, தடுப்பு பலகையால் ஆகட்டும், செங்கல்லால் வேண்டாம். பலகையை ஒருநாளில் கழற்றிவிடலாம். மாதச் சம்பளத்தில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகக் கொடுத்து இம்மன்றத்தை எழுப்பிய நம் முன்னோரின் பெயர் பொறித்த கல் பின்சுவரில் இருக்கிறது. அதன்மேல் எவரும் சுண்ணாம்பு பூசாதிருக்கட்டும்.

அங்கே வந்து வாழப்போகும் குழந்தைகள் அந்தக் கல்லைப் பார்த்து, "இவர்கள் யார், அம்மா?" என்று கேட்பார்கள். அப்போது அந்தத் தாய் சொல்லும் விடை, நாம் இம்மேடையில் ஆற்றும் எல்லாச் சொற்பொழிவுகளையும்விட உயர்ந்ததாக இருக்கும்.

 வளர்க நம் சங்கம்! வாழ்க தமிழ்!